நாய்க்குட்டியைத் தீனி கொடுத்துப் பழக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் இப்போது இருப்பது மூன்றாவது நாய். ஒரு மழைக்காலத்தில் தெருமுனைப் பெட்டிக்கடைக்குக் கீழே நனைந்துகொண்டு கிடந்த குட்டி. பெயர் சுண்டல். முதல் இரண்டு நாய்களையும் அதட்டி, மிரட்டித்தான் வளர்த்தோம். இவளை மட்டும் முழுக்கத் தீனி கொடுத்தே பழக்கினோம். அதைப் பார்த்து, குட்டி வாங்கிய நண்பர்களும் சொந்தக்காரர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் அல்ல. குட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

தீனியைக் காட்டி வேலை வாங்குவது லஞ்சம் இல்லையா?

வேலைக்கு முன்னால் காட்டினால் லஞ்சம், வேலை முடிந்தபின் கொடுத்தால் சம்பளம். கையில் பிஸ்கட்டை ஆட்டிக்கொண்டு "வா வா" என்று கெஞ்சினால், குட்டி பிஸ்கட்டைப் பார்த்துத்தான் வருகிறது, உங்கள் சொல்லுக்கு இல்லை. நாளைக்குக் கை காலியாக இருந்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. கூப்பிட்டதும் வந்து நின்றபிறகு, எங்கிருந்தோ ஒரு துண்டு கிடைத்தால் கணக்கு மாறிவிடுகிறது. வந்ததால் கிடைத்தது என்று அது புரிந்துகொள்கிறது.

இதில் புதுமை எதுவும் இல்லை. 1898இல் எட்வர்டு தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்து, அவை தாழைத் திறந்து வெளியே வந்தால் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். எந்தச் செயலுக்குப் பின்னால் நல்லது நடக்கிறதோ, அந்தச் செயல் திரும்பத் திரும்ப வரும் என்பது அவர் கண்டது. நாய்க்குட்டி விஷயத்திலும் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நாம் அதை எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறோம் என்பது.

எந்த வயதில் தொடங்கலாம்?

வீட்டுக்கு வந்த அன்றே. குட்டி தாயிடம் குறைந்தது 8 வாரமாவது இருந்துவிட்டு வர வேண்டும். 30 நாள் குட்டியைக் கையில் கொடுப்பவர்களிடம் வாங்காதீர்கள். ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரை உள்ள காலத்தில்தான் குட்டியின் மனத்தில் "இது பயப்பட வேண்டியதில்லை" என்ற பட்டியல் எழுதப்படுகிறது. மிக்சி சத்தம், ஹெல்மெட் போட்ட ஆள், குழந்தை, ஆட்டோ, இடி எல்லாவற்றையும் அந்த வயதில் ஒரு துண்டுத் தீனியோடு அறிமுகப்படுத்திவிட்டால் பிற்பாடு நிம்மதி.

தடுப்பூசி முடியாமல் வெளியே எப்படிக் கொண்டுபோவது என்று கேட்பார்கள். தெருவில் இறக்கி விடாதீர்கள், குட்டிகளின் உயிரையே வாங்கும் பார்வோ வைரஸ் மண்ணிலேயே பல மாதம் உயிரோடு இருக்கும். தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ போய் நில்லுங்கள். பஸ் போகிறது, ஒரு துண்டு. பால்காரர் வருகிறார், ஒரு துண்டு. அதுவே பாடம்தான்.

தீனியாக எதைக் கொடுப்பது? கடையில் விற்கும் டிரீட்தான் வாங்க வேண்டுமா?

வேண்டியதே இல்லை. பளபள பாக்கெட்டில் வருவதில் பாதி, நெடுநேரம் மெல்லுகிற கட்டை. பழக்குவதற்கு அது உதவாது. குட்டி ஒரு நொடியில் விழுங்கிவிட்டு "அடுத்து என்ன?" என்று உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் மெத்தென்று, வாசனையாக, சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருந்தால் போதும்.

எங்கள் வீட்டில் முதல் இடம் உப்பு, மசாலா எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறிக்கு. ஞாயிற்றுக்கிழமை வாங்கும் கறியிலிருந்து எலும்பில்லாத 100 கிராமைத் தனியாக எடுத்து, வேகவைத்து, பொடியாக நறுக்கி ஃபிரீசரில் போட்டு வைப்போம். அதைவிட மவுசு கோழி ஈரலுக்கு. வேகவைத்து, தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் வாட்டினால் கையில் ஒட்டாது. ஆனால் ஈரலில் வைட்டமின் ஏ அதிகம், தினமும் கொடுக்கக் கூடாது. வெளியே கூப்பிட்டதும் ஓடி வருவது போன்ற பெரிய வேலைகளுக்கு மட்டும் அதை எடுப்பேன். அவித்த முட்டை நல்லது, ஆனால் மஞ்சள் கரு உதிர்ந்து சட்டைப் பையெல்லாம் நாறும்.

வீட்டுக்குள் சும்மா உட்காரச் சொல்வதற்கு அதன் வழக்கமான உலர் உணவிலிருந்து நாலு உருண்டை போதும். கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வெறும் இட்லித் துண்டு எல்லாம் பரவாயில்லை ரகம். எந்தத் தீனிக்கு எவ்வளவு மதிப்பு என்பதை முடிவு செய்வது நீங்கள் இல்லை, குட்டிதான். சுண்டலுக்குத் தேங்காய்ச் சில் என்றால் உயிர். என் தங்கை வீட்டு நாய் அதை முகர்ந்துவிட்டுப் போய்விடும்.

நாங்கள் சைவம்.

பிரச்சினை இல்லை. உப்பில்லாத பனீர் கோழிக்கறிக்கு அடுத்தபடி வேலை செய்யும்.

கொடுக்கவே கூடாதவை எவை?

சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு, வேகவைத்த எலும்பு. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். சர்க்கரை இல்லாதது என்று விற்கும் சூயிங்கம், மிட்டாய், சில வேர்க்கடலை வெண்ணெய் ஆகியவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கலாம். நாய் அதைத் தின்றால் ரத்தத்தில் சர்க்கரை மடமடவென்று இறங்கும், ஈரலும் கெடலாம்.

நம் வீடுகளில் இன்னொரு கவலையும் இருக்கிறது: புளி. திராட்சை ஏன் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பது நீண்ட காலம் புதிராகவே இருந்தது. 2022இல் வெளியான ஒரு கால்நடை மருத்துவ ஆய்வுக் கட்டுரை, திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று சொன்னது. அந்த முடிவுக்கு ஆய்வாளர்களைக் கொண்டுவந்தவற்றில், புளி தின்று அதே மாதிரிச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நாய்களும் உண்டு. புளியில் அந்த அமிலம் நிறையவே இருக்கிறது. ஆக, புளியும் வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்புச் சோற்றின் மிச்சத்தை "தெரு நாயெல்லாம் தின்கிறதே" என்று குட்டிக்குப் போட வேண்டாம். வெறும் சோற்றில் கொஞ்சம் தயிர் விட்டால் ஆபத்தில்லை.

பாயசத்திலும் கேசரியிலும் உலர் திராட்சை கிடக்கும் என்பதைப் பண்டிகை நாட்களில் மறந்துவிடுகிறோம். குட்டி தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுக்கலாம்? குண்டாகிவிடாதா?

மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தீனியாகப் போகக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 3 மாதக் குட்டி, 5 கிலோ எடை என்று வையுங்கள். அதற்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 700 கலோரி தேவைப்படும். தீனிக்கு 70. வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 40 கிராம் என்பது கிட்டத்தட்ட அவ்வளவு. ஒரு கிராம் துண்டாக நறுக்கினால் 40 துண்டு, அதாவது 40 தடவை சொல்லிக் கொடுக்கலாம். அதே 70 கலோரி டீக்கு நாம் தொட்டுக்கொள்ளும் பிஸ்கட்டில் மூன்றே மூன்று. அதிலும் பெரும்பகுதி மாவும் சர்க்கரையும். பிஸ்கட் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான், விரோதம் ஒன்றும் இல்லை.

தீனி அதிகமான நாளில் தட்டில் சாப்பாட்டைக் குறைத்துவிடுங்கள். இன்னும் எளிய வழி, காலைச் சாப்பாட்டில் ஒரு பிடியை டப்பாவில் எடுத்துவைத்து அதையே அன்றைய சம்பளமாகக் கொடுப்பது.

எப்போது கொடுக்க வேண்டும்?

உடனே. ஒன்று, அதிகம் போனால் இரண்டு நொடிக்குள். நிறைய வீடுகளில் பழக்கம் கெடுவது இங்கேதான். குட்டி உட்காருகிறது, நாம் "அட, உட்கார்ந்திருச்சு பாரேன்!" என்று எல்லோரையும் கூப்பிட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய் டப்பாவைத் திறக்கிறோம். அதற்குள் அது எழுந்து பின்னாலேயே வந்து முழங்காலில் தாவுகிறது. துண்டு வாயில் விழுகிறது. அது கற்றுக்கொண்டது தாவுவதை.

கை போய்ச் சேர நேரமாகும் என்பதால்தான் முதலில் ஒரு சத்தம். 1940களில் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளரின் மாணவர்களாக இருந்த கெல்லர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட் தம்பதியர் இந்த உத்தியை விலங்குகளைப் பழக்கும் தொழிலுக்குக் கொண்டுவந்தார்கள். டால்பின் துள்ளி அந்தரத்தில் இருக்கும்போது அதன் வாயில் மீனைத் திணிக்க முடியாது, விசில் ஊதலாம். "இதுதான், இதற்குத்தான் மீன்" என்று அது புரிந்துகொள்ளும். நாய்க்குக் கிளிக்கர் என்ற சின்னக் கருவி 100, 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கினால் சரி, வாங்காவிட்டாலும் நஷ்டமில்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி "டொக்" என்று எடுத்தால் அதே வேலை நடக்கும். ஒரு சொல் வைத்துக்கொள்வதானால் "சரி" மட்டும் வேண்டாம். நாள் முழுக்க போனில் "சரி சரி" என்றுதானே பேசுகிறோம்.

முதல் நாளில் வேறொன்றும் வேண்டாம். டொக், துண்டு. டொக், துண்டு. பதினைந்து தடவை. சத்தம் கேட்டதும் காதைத் தூக்கி உங்களைப் பார்த்தால் பாடம் ஏறிவிட்டது.

உட்காரச் சொல்லிக் கொடுப்பது எப்படி?

துண்டை விரல்களுக்கிடையே பிடித்து மூக்குக்கு நேராக வையுங்கள். மெதுவாகத் தலைக்கு மேலே பின்பக்கமாக நகர்த்துங்கள். மூக்கு மேலே போனால் பின்புறம் தானாகத் தரையில் இறங்கும். தொட்ட அந்தக் கணத்தில் டொக், துண்டு. முதுகை அழுத்தாதீர்கள். அழுத்தினால் அது எதிர்த்து நிற்கத்தான் பார்க்கும்.

இப்படி ஐந்தாறு தடவை. அதற்கு மேல் கையில் தீனி இருக்கக் கூடாது. வெறும் கையை அதே மாதிரி நகர்த்தி, உட்கார்ந்தபின் மற்றொரு கையால் பையிலிருந்து எடுத்துக் கொடுங்கள். லஞ்சம் சம்பளமாக மாறுவது இந்த இடத்தில்தான். பலர் இதைத் தாண்டாமல் ஆறு மாதம் கையில் பிஸ்கட்டோடு நிற்கிறார்கள். கை அசைவு நன்றாகப் பதிந்தபிறகு, அசைவுக்குச் சற்று முன் "உட்கார்" என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம். தமிழில் சொன்னால் நாய்க்குப் புரியாது என்று சிலர் நினைப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கும். "சிட்" என்று சொன்னால் மட்டும் அது லண்டனில் பிறந்ததா என்ன?

ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிடம் போதும், சலிக்கும் முன்னால் நிறுத்திவிடுங்கள்.

கூப்பிட்டால் வருவதே இல்லை. என்ன செய்வது?

வந்தால் என்ன கிடைக்கிறது என்று அதன் பக்கத்திலிருந்து பாருங்கள். விளையாட்டில் இருக்கும்போது கூப்பிடுகிறோம், வந்ததும் கயிற்றைக் கட்டுகிறோம். இன்னொரு நாள் கூப்பிட்டுக் குளிப்பாட்டுகிறோம். தாமதமாக வந்தால் திட்டுகிறோம். இப்படி இருந்தால் நானும் வர மாட்டேன்.

எங்கள் கதை இன்னும் மோசம். பெயருக்குப் பதில் சொல்ல அவள் அழகாகக் கற்றுக்கொண்டிருந்தாள். அப்புறம் நவராத்திரி வந்தது. ஒன்பது நாள் வீடு முழுக்க "சுண்டல் ஆச்சா", "சுண்டல் எடுத்துக்கோங்க", "இன்னிக்கு என்ன சுண்டல்?" ஒவ்வொரு தடவையும் ஓடி வந்தாள், யாரும் எதுவும் கொடுக்கவில்லை. கொலு முடிந்தபோது அவளுக்குத் தன் பெயர் ஃபேன் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. பழைய பெயரைப் பழுதுபார்ப்பதைவிடப் புதிதாக ஒன்றைத் தொடங்குவது சுலபம் என்று, வீட்டில் யாருமே சும்மா சொல்லாத "பறபற" என்ற ஒலியை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு தடவைக்கும் ஈரல் துண்டு, விதிவிலக்கே இல்லை. மூன்று வாரத்தில் மொட்டை மாடியின் அந்தக் கோடியிலிருந்து பறந்து வந்தாள்.

ஆக, வராது என்று தெரிந்த நேரத்தில் கூப்பிட்டுச் சொல்லை வீணாக்காதீர்கள், நீங்களே போய்ப் பிடித்து வாருங்கள். குளிப்பாட்டவும் அப்படியே. வந்தபின் தீனி கொடுத்து, பத்தில் எட்டு முறை மறுபடியும் விளையாட விட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கிறது. இதற்கும் தீனி உதவுமா?

உதவும், கொடுக்கும் இடம் முக்கியம். வெளியே போய்விட்டு உள்ளே வந்ததும் கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கொடுத்த கூலி. துண்டைக் கையோடு கொண்டுபோய், அது முடித்த அந்த இடத்திலேயே நின்று கொடுங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும் வெளியே தூக்கிப் போனால் விபத்து பாதியாகும். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. உள்ளே போய்விட்டால் மூக்கைத் தேய்ப்பது, பேப்பரைச் சுருட்டி அடிப்பது எதுவும் வேண்டாம். அது கற்றுக்கொள்வது, உங்கள் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் போக வேண்டும் என்பதை மட்டும்தான்.

தட்டிக்கொடுத்துப் பாராட்டினால் போதாதா? சாப்பாடு எதற்கு?

சில நாய்களுக்குப் போதும். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர் விழித்திருக்கும் நாய்களை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி (இதைத்தான் நான் பெரிய சாதனை என்பேன்) 2016இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 15 நாய்களில் பெரும்பாலானவற்றின் மூளை, பாராட்டையும் உணவையும் ஏறக்குறைய ஒன்றாகவே மதித்தது. நான்கு நாய்கள் பாராட்டையே அதிகம் விரும்பின, இரண்டு நாய்களுக்குச் சாப்பாடுதான் பெரிது.

ஆனால் அவை தம் எஜமானரோடு வருடக்கணக்கில் வாழ்ந்த நாய்கள். நேற்று வந்த குட்டிக்கு உங்கள் "வெரிகுட்" வெறும் சத்தம். சாப்பாட்டோடு சேர்த்துச் சொல்லிச் சொல்லித்தான் அதற்கு ருசி வர வேண்டும். இரண்டையும் சேர்த்தே கொடுங்கள்.

தீனி இல்லாவிட்டால் கேட்பதில்லை. எப்படிக் குறைப்பது?

புதிதாகக் கற்கும்போது ஒவ்வொரு தடவையும். பத்துக்கு எட்டு தடவை சரியாகச் செய்யத் தொடங்கியதும் இரண்டுக்கு ஒன்று, பிறகு மூன்றுக்கு ஒன்று, திடீரென்று ஒரு நாள் நாலு துண்டு சேர்த்து. எப்போது விழும் என்று தெரியாததால்தான் லாட்டரிச் சீட்டை விட முடியவில்லை என்பார்கள், அந்தப் புத்திதான். ஒரேயடியாக நிறுத்தினால் வேலைநிறுத்தம்தான் நடக்கும்.

தீனி என்றால் சாப்பாடு மட்டும் இல்லை என்பதும் இங்கே உதவும். வாசல் கதவு திறப்பது, கயிற்றை அவிழ்ப்பது, பந்து எறிவது, எல்லாமே கூலிதான். சுண்டல் இன்றைக்கும் செருப்பு மாட்டும் முன் கதவருகே உட்காருகிறாள். அதற்கு நான் எதுவும் கொடுப்பதில்லை, கதவைத் திறக்கிறேன்.

எங்கள் சிப்பிப்பாறைக் குட்டி தீனியைத் தொடுவதே இல்லை.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களில் சாப்பாட்டுப் பிரியம் குறைந்தவை உண்டு. ஓடுகிற பொருளைக் கண்டால்தான் அவற்றுக்குக் கண் மின்னும். கயிற்று நுனியில் துணியைக் கட்டித் தரையில் இழுத்துக்கொண்டு ஓடுங்கள். உட்கார்ந்தால் துரத்தலாம் என்று பேரம் வையுங்கள். அதற்கு முன், வயிறு நிறைந்த நேரத்தில் பழக்குகிறீர்களா, மே மாத மத்தியானத்தில் மாடியில் நிற்கிறீர்களா என்று பாருங்கள். வெயிலிலும் பயத்திலும் எந்தக் குட்டியும் தின்னாது. வழக்கமாகத் தின்னும் குட்டி திடீரென்று மறுத்து, சோர்ந்து, வாந்தியோ பேதியோ இருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

வெள்ளை இராஜபாளையம் குட்டி. சத்தத்துக்குத் திரும்புவதே இல்லை.

காது கேட்காமல் இருக்கலாம். வெள்ளை இராஜபாளையங்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை தெரிந்த பிரச்சினை. அது தூங்கும்போது, தரையில் அதிர்வு படாமல், பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். கேட்கவில்லை என்றாலும் பழக்கலாம். டொக்குக்குப் பதிலாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுங்கள். கட்டைவிரல், துண்டு. மற்றதெல்லாம் கை சைகை. ஆனால் திறந்த தெருவில் கயிறில்லாமல் விடவே கூடாது.

தட்டுக்குப் பக்கத்தில் போனால் உறுமுகிறது.

"நாம்தான் எஜமான் என்று தெரியட்டும்" என்று தட்டைப் பிடுங்கிப் பழக்குவார்கள். அது பயந்தது சரிதான் என்று நாமே நிரூபிக்கிறோம். தட்டில் சாதாரணச் சாப்பாடு இருக்கும்போது, அது உறுமாத தூரத்திலிருந்து ஒரு கோழித் துண்டை எறிந்துவிட்டு நடந்து போங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குங்கள். ஆள் வந்தால் சாப்பாடு போகாது, வரும் என்று தெரிந்தால் உறுமல் தானே அடங்கும். செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடினாலும் துரத்தாமல் பண்டமாற்று செய்யுங்கள். கடிக்கவே வருகிறது என்றால் நீங்களாக முயலாமல், அடிக்காமல் பழக்கும் பயிற்சியாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள். அப்புறம், விளையாட்டில் குட்டியின் பல் பட்டு ரத்தம் வந்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அடித்தால்தானே பயம் இருக்கும்?

பயம் இருக்கும், அதுதான் பிரச்சினை. போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. கயிற்றைச் சுண்டுவது, கத்துவது போன்ற தண்டனைகளால் பழக்கப்பட்ட நாய்கள் பயிற்சியின்போது அடிக்கடி உதட்டை நக்கின, கொட்டாவி விட்டன. இவை நாய்க்குப் பதற்றத்தின் அடையாளம். எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனும் பயிற்சிக்குப் பின் அதிகமாக ஏறியது. தீனியால் பழகிய நாய்களிடம் அந்த அளவுக்கு இல்லை. எங்கள் முதல் நாயும் சொன்ன பேச்சைக் கேட்டது. யாராவது கையைத் தூக்கித் தலை சீவினால்கூடக் கட்டிலுக்கடியில் போய்விடும்.

தீபாவளிக்குப் பட்டாசுச் சத்தம் பழக்க முடியுமா?

தீபாவளிக்கு முந்தின நாள் தொடங்கினால் முடியாது. இரண்டு மூன்று மாதம் முன்பே, போனில் வெடிச்சத்தத்தைக் காதுக்கு எட்டியும் எட்டாத அளவில் வைத்து, சத்தம் வந்தபின் துண்டு கொடுங்கள். வரிசை மாறக் கூடாது. முதலில் துண்டு, பிறகு வெடி என்று போனால், கோழியைக் கண்டாலே பயப்படும் நாய் கிடைக்கும்.

நான் ஒழுங்காகச் செய்கிறேன். அப்பா தட்டிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறார்.

என் வீட்டிலும் அதே கதை. அப்பா சாப்பிட உட்கார்ந்தால் சுண்டல் அவர் முழங்காலில் கால் வைத்து முனகுவாள். "பாவம்டா, பசிக்குது" என்று அப்பளத்தை ஒடித்துப் போடுவார். முனகுவதற்குத் தவறாமல் கூலி கொடுக்கும் பயிற்சியாளர் அவர்தான், என்னைவிடக் கெட்டிக்காரர். விளக்கிச் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தபின் வேறு வழி செய்தேன். அவர் கை எட்டும் இடத்தில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் இருபது கோழித் துண்டுகளை வைத்தேன். "போடுங்கப்பா, ஆனா அவ அந்தப் பாய் மேல படுத்திருக்கும்போது மட்டும் போடுங்க" என்றேன். பத்தே நாளில் அவள் பாயை விட்டு நகரவில்லை. இப்போது அப்பா சோற்றைப் பிசையும் முன்பே டப்பாவைத் தேடுகிறார். அது காலியாக இருந்தால் எனக்குத்தான் திட்டு விழுகிறது.